வெயிலில் தெரியும் ஃபோன் வேண்டும்: நிட்ஸ் எண்ணைப் பார்த்து வாங்கலாமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி திரும்பச் சொல்கிறேன், தப்பாக இருந்தால் திருத்துங்கள். அம்மாவுக்கு 58 வயது. குளச்சலில் மீன் எடுத்துத் திங்கள்நகர் சந்தையில் வைத்து விற்கிறார். பல வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. வலது கண்ணில் நான்கு வருடத்துக்கு முன் கண்புரை ஆபரேஷன் ஆனது, இடது கண்ணில் விழித்திரைக்கு லேசர் பண்ணியிருக்கிறார்கள். வீட்டுக்குள் எழுத்தைப் பெரிதாக்கி வைத்தால் ஃபோனைப் படித்துவிடுகிறார். சந்தையில் வெயில் ஏறியதும் "ஒண்ணும் தெரியல்ல, கறுப்பாத்தான் இருக்கு" என்கிறார். ஜிபேயில் வந்தது 150 ரூபாயா 160 ரூபாயா என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேட்க வேண்டியிருக்கிறது. 25,000 ரூபாய்க்குள், 3000 நிட்ஸ் (ஸ்கிரீன் எவ்வளவு ஒளிர்கிறது என்பதன் அளவு) என்று விளம்பரம் செய்யும் ஃபோனை வாங்குவதா, 1200 நிட்ஸ் போட்டிருக்கும் ஃபோனை வாங்குவதா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இதை இப்படி எடுத்துக்கொள்கிறேன்: வெயிலில் அம்மா தொகையைத் தானே பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும், அதற்கு எந்த ஃபோன், ஃபோனைத் தவிர வேறு என்ன வேண்டும்?

நான் நாகர்கோவில் பக்கம் ஒரு கண் மருத்துவமனையில் பார்வையை அளந்து கண்ணாடிக்குப் பவர் பார்க்கும் ஆப்டோமெட்ரிஸ்டாக வேலை பார்க்கிறேன். பார்வை குறைந்தவர்களுக்கு அவரவர் வேலைக்கு ஏற்றபடி கண்ணாடி, லென்ஸ், ஃபோன் செட்டிங்ஸ் எல்லாம் அமைத்துக் கொடுப்பது என் அன்றாட வேலை. ஃபோன் விற்பவன் அல்ல. அம்மாவின் கண்ணைப் பார்க்காமல் அதைப் பற்றி உறுதியாக எதுவும் சொல்லவும் முடியாது. அந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் அந்த 3000. அட்டைப்பெட்டியில் "பீக் பிரைட்னஸ்" என்று போட்டிருக்கும் எண், பெரும்பாலும் ஸ்கிரீனின் ஒரு சின்ன மூலையை மட்டும் வெள்ளையாக்கி மற்றதை இருட்டாக வைத்து, சில நொடிகள் அளந்தது. எச்டிஆர் வீடியோவில், அதாவது வெளிச்சத்துக்கும் இருளுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டிக் காட்டும் வீடியோவில், சூரியனோ தீப்பொறியோ பளிச்சிடுவதற்கு அந்த எண் உதவும். பணம் வந்த செய்தி ஸ்கிரீன் முழுக்க வெள்ளைப் பின்னணியில் வருகிறது. முழு ஸ்கிரீனும் வெள்ளையாக எரியும்போது அதே ஃபோன் அந்த எண்ணில் பாதிக்கும் கீழே நிற்பது சாதாரணம். நீங்கள் தேட வேண்டியது "எச்பிஎம்" (ஹை பிரைட்னஸ் மோட்) என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கும் எண். வெயிலில் முழு ஸ்கிரீனுக்கும் கிடைக்கும் வெளிச்சத்துக்கு அதுதான் கிட்டத்தட்டச் சரியான அளவு. சாம்சங்கின் ஏ56-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: எச்பிஎம் 1200, பீக் 1900 என்று இரண்டு எண் சொல்கிறார்கள். ஆக, நீங்கள் ஒப்பிடும் 1200-உம் 3000-உம் ஒரே அளவுகோலில் எடுத்த எண்களாக இல்லாமல் இருக்கவே வாய்ப்பு அதிகம். ஒரே அளவுகோல் என்றே வைத்துக்கொண்டாலும், இரண்டரை மடங்கு வெளிச்சம் கண்ணுக்கு இரண்டரை மடங்காகத் தோன்றாது. நம் கண் வெளிச்சத்தை அழுத்தித்தான் கணக்கெடுக்கும். மூன்றில் ஒரு பங்கு கூடினாற்போல இருக்கும், அவ்வளவுதான்.

இன்னொன்று, அந்த எச்பிஎம் கூட ஆட்டோ பிரைட்னஸ் ஆன் செய்திருந்தால்தான் பல ஃபோன்களில் வரும். பிரைட்னஸ் கோட்டைக் கையால் கடைசி வரை தள்ளி வைத்துவிட்டு "இதுக்கு மேல ஏறல்ல" என்று சொல்பவர்களை வாரந்தோறும் பார்க்கிறேன். ஆட்டோவை ஆஃப் செய்திருப்பார்கள். ஃபோன் 400, 500 நிட்ஸில் நின்றுவிடும். அம்மாவின் இப்போதைய ஃபோனிலேயே இதை இன்றைக்குப் பாருங்கள். வெயிலை உணரும் சென்சார் ஸ்கிரீனின் மேல் விளிம்புப் பக்கம் இருக்கும். அதைக் கவரோ, ஓரம் உரிந்த ஸ்கிரீன் கார்டோ, விரலோ மறைத்தால் ஃபோன் தான் வீட்டுக்குள் இருப்பதாக நினைத்துக்கொள்ளும். குடை நிழலில் உட்கார்ந்திருப்பவருக்கு வேறொரு சிக்கல் உண்டு. அந்த நிழலில் சில ஃபோன்கள் எச்பிஎம்முக்குப் போவதே இல்லை. சில சாம்சங் மாடல்களில் ஆட்டோவை ஆஃப் செய்தால் "எக்ஸ்ட்ரா பிரைட்னஸ்" என்று தனி பட்டன் வரும், இந்த இடத்தில் அது கைகொடுக்கும்.

இப்போது முக்கியமான சங்கதிக்கு வருகிறேன். வெயிலில் ஸ்கிரீன் கறுத்துப்போவதற்குக் காரணம் ஃபோனின் வெளிச்சம் குறைவது அல்ல. ஸ்கிரீன் கண்ணாடி எதிரில் இருப்பதைப் பிரதிபலிக்கிறது, அந்தப் பிரதிபலிப்பு எழுத்தின் மேல் வந்து படிகிறது. ஒரு பரப்பின் மேல் விழும் வெளிச்சத்தை லக்ஸ் என்று அளப்பார்கள்; உச்சி வெயில் சுமார் ஒரு லட்சம் லக்ஸ். அந்த வெயிலில் ஒரு வெள்ளைத் துணி ஏறத்தாழ 25,000 நிட்ஸ் அளவுக்கு ஒளிரும். சாதாரண ஃபோன் கண்ணாடி தன் மேல் படுவதில் 4, 5 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். அப்படியானால் வெள்ளைத் துணி ஸ்கிரீனில் தெரியும்போது சுமார் 1100 நிட்ஸ் வெளிச்சம் கறுப்பு எழுத்தின் மேலும் வெள்ளைப் பின்னணியின் மேலும் சமமாக ஏறுகிறது. 1200 நிட்ஸ் ஃபோனில் பின்னணி 2300, எழுத்து 1100. வித்தியாசம் இரண்டுக்கு ஒன்றுதான். நிஜமாகவே முழு ஸ்கிரீனிலும் 3000 தரும் ஃபோன் என்றாலும் நான்குக்கு ஒன்றைத் தொடாது. இணையப் பக்கங்களுக்கான அணுகல் விதிகளில், சாதாரண எழுத்துக்குக் குறைந்தபட்சம் 4.5-க்கு ஒன்று, கண்டிப்பான நிலையில் 7-க்கு ஒன்று என்று வைத்திருக்கிறார்கள். அம்மாவின் கண்ணுக்கு அந்த ஏழைத்தான் இலக்காக வைத்துக்கொள்வேன்.

அதே 1200 நிட்ஸ் ஃபோனில் வெள்ளைத் துணிக்குப் பதிலாகக் கறுத்த துணி தெரியட்டும். பிரதிபலிப்பு 70 நிட்ஸ் சொச்சத்துக்கு இறங்கிவிடும், வித்தியாசம் பதினைந்துக்கு ஒன்றைத் தாண்டும். ஃபோனை மாற்றாமலே இவ்வளவு கிடைக்கிறது. இந்த எண்கள் துல்லியமானவை என்று நான் சொல்லவில்லை. கைரேகை, எண்ணெய், கீறல் எல்லாம் வெயிலைச் சிதறடித்துக் கணக்கைக் கெடுக்கும். ஸ்கிரீனின் உள் அடுக்குகளும் கொஞ்சம் பிரதிபலிக்கும். ஆனால் கணக்கு காட்டும் திசையில் சந்தேகமே இல்லை. நிட்ஸை இரட்டிப்பாக்குவதைவிட, ஸ்கிரீனில் எது தெரிகிறது என்பதை மாற்றுவதே பெரிய லாபம்.

சந்தையில் போய்க் கவனித்தால் இது கண்ணாலேயே தெரியும். வெயில் ஊடுருவும் நீலத் தார்ப்பாய்க்குக் கீழே இருப்பவர்களின் ஃபோன் முழுக்க நீலமாகப் பளபளக்கும், ஏனென்றால் தார்ப்பாயே ஒரு விளக்கு மாதிரி எரிந்துகொண்டிருக்கிறது. மஞ்சள், ஆரஞ்சு விளம்பரக் குடைகளும் அப்படித்தான். உள்பக்கம் கறுப்புத் துணி வைத்த பழைய பெரிய குடைக்குக் கீழே அதே ஃபோன் தெளிவாக இருக்கும். அம்மா உட்காரும் இடத்தில் குடையின் உள்பக்கத்தைக் கறுப்பாக்கிப் பாருங்கள். ஃபோனை மல்லாத்திப் பிடித்தால் அதில் வானம் தெரியும். மார்புக்கு நேராகக் கொஞ்சம் நிமிர்த்திப் பிடித்தால் அவர் கட்டியிருக்கும் சேலை தெரியும். கடும் நிறச் சேலையாக இருந்தால் நல்லது, வெளிர் நிறம் என்றால் ஒரு கறுத்த துண்டை முன்னால் போட்டுக்கொள்ளலாம். இதையெல்லாம் ஃபோன் கடையில் யாரும் சொல்லித்தர மாட்டார்கள். விற்பதற்கு அதில் ஒன்றும் இல்லையே.

பிரதிபலிப்பைக் குறைக்கும் கண்ணாடி போட்ட ஃபோன்களும் இருக்கின்றன. 2024 ஜனவரியில் வந்த சாம்சங் எஸ்24 அல்ட்ராவில் கொரில்லா ஆர்மர் என்ற கண்ணாடி வந்தது, பிரதிபலிப்பை 75 சதவீதம் வரை குறைக்கும் என்று கம்பெனி சொல்கிறது. நான் கையில் வைத்துப் பார்த்தவரை வித்தியாசம் வெளியே போனதும் பளிச்சென்று தெரிகிறது. மேலே போட்ட கணக்கில் 1200 நிட்ஸுக்கு இந்தக் கண்ணாடியைப் பொருத்திப் பார்த்தால் வெள்ளைத் துணி எதிரில் இருந்தாலும் ஐந்துக்கு ஒன்று வந்துவிடும். விலைதான் உங்கள் கணக்குக்கு வெகு மேலே. அதன் மேல் சாதாரண டெம்பர்டு கிளாஸ் ஒட்டினால் அந்தப் பலன் முழுக்கப் போய்விடும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இதைச் செய்துகொண்டு வருபவர்கள் அனேகம்.

ஸ்கிரீன் கார்டு என்றதும் இரண்டு வார்த்தை. பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாமல் மறைக்கும் பிரைவசி கார்டு உங்கள் அம்மாவுக்கு வேண்டவே வேண்டாம், அது வெளிச்சத்தைத் தின்றுவிடும். டெம்பர்டு கிளாஸ் ஒட்டுவதானால் இடையில் காற்று இல்லாமல் முழுக்கப் பசை உள்ளதாக ஒட்டச் சொல்லுங்கள். காற்றுப் படலம் இருந்தால் பிரதிபலிக்கும் பரப்புகள் கூடிவிடும். பளபளப்பு இல்லாத மேட் கார்டு பற்றி எனக்கு இரண்டு மனது. கண்ணாடி போல முகம் தெரிவது நிற்கும், ஆனால் நேர் வெயில் பட்டால் ஸ்கிரீன் முழுக்க வெளிறிப்போகும், எழுத்தின் ஓரமும் கொஞ்சம் மசங்கும். நிழலில் இருந்து பார்ப்பவர்கள் சிலருக்குப் பிடித்திருக்கிறது, வெயிலில் நின்று பார்ப்பவர்கள் கழற்றிவிட்டார்கள். நூறு இருநூறு ரூபாய்ச் சமாசாரம், ஒட்டிப் பார்த்தே முடிவு செய்யலாம்.

அடுத்தது சூடு. நல்ல ஃபோன் வாங்கியும் பத்து மணிக்குத் தெரிந்தது பன்னிரண்டு மணிக்குத் தெரியவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். ஃபோன் சூடாகும்போது தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முதலில் ஸ்கிரீன் வெளிச்சத்தைக் குறைக்கும். ஆப்பிள் தன் ஐஃபோனை 0 முதல் 35 டிகிரி வரையான சூழலில் பயன்படுத்தச் சொல்கிறது; நம் ஊர்ச் சித்திரை வெயிலில் தட்டுக்குப் பக்கத்தில் கிடக்கும் ஃபோன் அந்த எல்லையைச் சுலபமாகத் தாண்டிவிடும். தடித்த கறுப்பு ரப்பர் கவர் சூட்டைப் பிடித்து வைக்கும். மெல்லிய, வெளிர் நிறக் கவர் போடுங்கள். வேலை இல்லாதபோது ஃபோன் பையில் இருக்கட்டும், வெயிலில் மல்லாந்து கிடக்க வேண்டாம். மீனுக்குப் போட்ட ஐஸ் பக்கத்தில் இருக்கிறதே என்று அதன் மேல் வைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். திடீரென்று குளிர்ந்தால் உள்ளே ஈரம் கோக்கும்.

இனி கண். இங்கே நான் கொஞ்சம் அழுத்திச் சொல்வேன், ஏனென்றால் 25,000 ரூபாய்க்கு முன்னால் செய்ய வேண்டியது இதுதான். கண்புரை ஆபரேஷனில் லென்ஸை வைக்கும் இடத்துக்குப் பின்னால் ஒரு மெல்லிய சவ்வை விட்டுவைப்பார்கள். சில வருடம் கழித்துப் பலருக்கு அந்தச் சவ்வு மங்கும். அறைக்குள் எழுத்துப் பலகையில் ஓரளவு படித்துவிடுவார்கள், வெயிலில் மட்டும் எல்லாம் வெளிறிக் கூசும். எதிரே லாரி வெளிச்சம் அடிக்கும்போது அழுக்குப் படிந்த பஸ் கண்ணாடி வழியாகப் பார்த்தால் எப்படி இருக்கும், அப்படி. யாக் லேசர் என்ற சிகிச்சையில் அந்தச் சவ்வின் நடுவில் ஒரு திறப்பு போட்டுவிடுவார்கள்; சில நிமிட வேலை, அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். அம்மாவுக்கு ஆபரேஷன் ஆகி நான்கு வருடம் ஆகிறது, வீட்டுக்குள் தெரிகிறது, வெயிலில் தெரியவில்லை என்கிறீர்கள். எனக்கு முதலில் தோன்றியதே இந்தச் சவ்வுதான். இருக்கிறதா இல்லையா என்று கண்ணைப் பார்த்தால்தான் தெரியும், ஆனால் பார்க்காமல் ஃபோன் வாங்கக் கூடாது.

இடது கண்ணில் சர்க்கரையும் லேசரும் சேர்ந்து வேறொன்றைச் செய்திருக்கலாம். கறுப்பு வெள்ளை எழுத்துப் பலகையில் நன்றாகப் படிப்பவருக்குக் கூட, மங்கலான வித்தியாசங்களைப் பிரித்துப் பார்க்கும் திறன் குறைந்திருக்கும். பெரிய எழுத்துகள் வரிக்கு வரி வெளிறிக்கொண்டே போகும் பெல்லி-ராப்சன் பலகையில் இதை அளக்கலாம். டாக்டரிடம் "கான்ட்ராஸ்ட் டெஸ்ட் செய்ய முடியுமா" என்று கேளுங்கள். விழித்திரை லேசர் செய்தவர்களுக்கு வெயிலிலிருந்து நிழலுக்கு வந்ததும் கண் பழக நேரமெடுப்பதும் உண்டு. குடைக்குள் வந்தவுடன் "தெரியல்ல" என்பவர், அரை நிமிடம் பொறுத்தால் படித்துவிடக்கூடும். விழித்திரை நடுவில் வீக்கம் இருந்தால் எழுத்து நெளிந்து தெரியும், அதற்கு உடனே சிகிச்சை வேண்டும், ஃபோன் அப்புறம்.

படிக்கும் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் சந்தையில் ஃபோன் பார்க்கிறாரா? இதை ஏன் கேட்கிறேன் என்றால், ஆபரேஷனில் வைக்கும் சாதாரண லென்ஸ் தூரப் பார்வைக்கானது. கைநீளத்துக்குள் இருக்கும் எழுத்துக்குத் தனியாகப் பவர் வேண்டும். மீன் நாற்றமும் செதிலும் படும் என்று நல்ல கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டு வருபவர்கள் அதிகம். சந்தைக்கென்று இன்னொரு மலிவான படிக்கும் கண்ணாடி, சரியான பவரில், கழுத்தில் கயிறு போட்டுத் தொங்கவிடுகிற மாதிரி செய்துகொடுங்கள். சர்க்கரை ஏறி இறங்கிக்கொண்டிருக்கும் வாரத்தில் பவர் பார்க்க வேண்டாம், அளவு மாறிவிடும்.

டார்க் மோட், அதாவது கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து, வைக்கலாமா என்று இன்னொருவர் உங்கள் கேள்விக்குக் கீழே கேட்டிருந்தார். கண்ணுக்குள் வெளிச்சம் சிதறுபவர்களுக்கு, அதாவது கண்புரை உள்ளவர்களுக்கும் சவ்வு மங்கியவர்களுக்கும், அறைக்குள் டார்க் மோட் நிம்மதி தரும். வெள்ளை ஸ்கிரீனிலிருந்து வரும் கூச்சம் குறையும். வெளியே அதே டார்க் மோட் ஸ்கிரீனை முகம் பார்க்கும் கண்ணாடியாக்கிவிடும். கறுப்புப் பரப்பில் குடையும் வானமும் முகமும்தான் தெரியும், எழுத்து அதற்குள் தொலைந்துபோகும். ஆகவே வெளியே கறுப்பு எழுத்து, வெள்ளைப் பின்னணி. இது பெரும்பாலானவர்களுக்குப் பொருந்துகிறது, எல்லோருக்கும் அல்ல. பிறவியிலேயே வெளிச்சம் தாங்காத கண் உள்ள சிலர் வெயிலிலும் டார்க் மோட்தான் வேண்டும் என்கிறார்கள், அவர்கள் சொல்வதை மறுக்க எனக்கு ஆதாரம் இல்லை. அம்மாவையே இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். நேரம் பார்த்துத் தானாக மாறும் செட்டிங்கும் இருக்கிறது, பகலில் வெள்ளை, மாலையில் கறுப்பு என்று வைத்துவிடலாம்.

எழுத்தளவில் கஞ்சத்தனம் வேண்டாம். கஷ்டப்பட்டுப் படிக்க முடிகிற அளவை விட இரண்டு மடங்கு பெரிதாக இருந்தால்தான் சரளமாகப் படிக்க வரும் என்பது எங்கள் துறையில் நன்றாக நிலைபெற்ற கணக்கு. ஆண்ட்ராய்டு 14 முதல் எழுத்தை 200 சதவீதம் வரை பெரிதாக்கலாம், அதனால் புதிதாக வாங்குவது அதற்குக் கீழே இருக்கக் கூடாது. "ஃபான்ட் சைஸ்" வேறு, "டிஸ்பிளே சைஸ்" வேறு. இரண்டையும் கூட்டுங்கள், "போல்ட் டெக்ஸ்ட்" ஆன் செய்யுங்கள். வெளிறிய ஸ்கிரீனில் தமிழ் எழுத்தில் முதலில் காணாமல் போவது மேலே இருக்கும் புள்ளி. அடுத்தது ண, ன, மூன்று சுழியா இரண்டு சுழியா என்பது. எண்களில் 3-உம் 8-உம், 5-உம் 6-உம் ஒன்றாகிவிடும், அம்மாவுக்கு 150, 160 குழம்புவது இதனால்தான். தடித்த எழுத்து இந்த இடத்தில் நிறைய உதவும். எல்லா ஆப்பும் இந்த அளவை மதிக்காது, குறிப்பாகப் பணம் அனுப்பும் ஆப்களில் சில பகுதிகள் சின்னதாகவே நிற்கும். அதற்கு "மேக்னிஃபிகேஷன்" வைத்து மூன்று தட்டுத் தட்டிப் பெரிதாக்கலாம். ஈர விரலில் அந்த மூன்று தட்டு சரியாக விழாது என்பதால், ஓரத்தில் நிற்கும் ஒரு பட்டனாக வைத்துக்கொடுங்கள். ஸ்கிரீன் 6.6, 6.7 அங்குலம் இருக்கட்டும். பெரிய எழுத்து வைத்தாலும் ஒரு முழுச் செய்தி ஒரே பார்வையில் அடங்கும்.

கூலிங் கிளாஸ் போடுவாரா? போலரைஸ்டு வகை என்றால் சில ஃபோன்கள் ஒரு கோணத்தில் முழுக்க இருண்டுவிடும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஃபோனை நேராகவும் படுக்கையாகவும் திருப்பிப் பார்த்தால் தெரிந்துவிடும். மஞ்சள், ஆம்பர் நிறக் கண்ணாடி போட்டால் தெளிவாக இருக்கிறது என்று சொல்பவர்கள் உண்டு. அளந்து பார்த்தால் முன்னேற்றம் சிலருக்கு இருக்கிறது, சிலருக்கு இல்லை. போட்டுப் பார்த்து அவர் சொல்வதே முடிவு. நீல ஒளியைத் தடுக்கும் ப்ளூ கட் லென்ஸுக்கு மட்டும் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். கண் சோர்வுக்கு அதனால் குறுகிய காலத்தில் பயன் இருப்பதாகத் தெரியவில்லை என்று பல மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2023 ஆய்வுத் தொகுப்பு சொல்லிவிட்டது, வெயிலில் தெரிவதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. முன்பக்கம் நீண்ட தொப்பி ஒன்று இவை எல்லாவற்றையும் விட உதவும். அம்மா போட ஒத்துக்கொள்வாரா என்பது உங்கள் சாமர்த்தியம்.

கடையில் எப்படிப் பார்ப்பது? அம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கள், மாலையில் அல்ல, காலை பதினொரு மணிக்கு மேல். கடைக்குள் எல்லா ஃபோனும் அழகாகத்தான் இருக்கும், அங்கே வெளிச்சம் வெயிலில் நூற்றில் ஒரு பங்கு கூட இல்லை. டெமோ ஃபோனைக் கம்பியிலிருந்து கழற்றி வெளியே தரச் சொல்லிக் கேளுங்கள், நிலைமையைச் சொன்னால் கூடவே ஒரு பையனை அனுப்பித் தருவார்கள். ஆட்டோ பிரைட்னஸ் ஆன், எழுத்து பெரிது, வெள்ளைப் பின்னணி. வாட்ஸாப்பில் வந்த ஒரு தமிழ்ச் செய்தியும் தொகை போட்ட ஒரு படமும் அதில் வையுங்கள். அம்மா தன் சந்தைக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வெயிலுக்கு முதுகு காட்டி ஒரு தடவை, முகம் காட்டி ஒரு தடவை படிக்கட்டும். நீங்கள் "தெரியுதா" என்று கேட்டால் உங்களுக்காக "தெரியுது" என்பார். அதனால் வாய்விட்டுத் தொகையைப் படிக்கச் சொல்லுங்கள். பத்து நிமிடம் வெயிலிலேயே ஸ்கிரீனை எரியவிட்டு மறுபடியும் பாருங்கள், சூட்டில் மங்கும் ஃபோன் அதற்குள் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

கடலுக்குப் போகிறவர்கள் கையில் வைத்திருக்கும் சில ஜிபிஎஸ் கருவிகளைப் பார்த்திருப்பீர்கள். தூத்தூர், சின்னத்துறைப் பக்கம் படகுகளில் சாதாரணம். வெயில் கூடக்கூட அதன் ஸ்கிரீன் தெளிவாகும். அது வெயிலையே உள்வாங்கித் திருப்பி அனுப்பி எழுத்தைக் காட்டும் வகை. ஃபோனில் ஏன் அது இல்லை என்று ஒரு மீனவர் என்னிடம் கேட்டார், நியாயமான கேள்வி. அந்த வகையில் நிறம் வெளிறும், வீடியோ சுமாராக இருக்கும், அதனால் ஃபோன் கம்பெனிகள் அந்தப் பக்கம் போவதில்லை.

உங்கள் அம்மாவின் வேலைக்குப் பார்வையே தேவைப்படாத ஒரு வழியும் இருக்கிறது. பணம் வந்ததும் தொகையைத் தமிழிலேயே சத்தமாகச் சொல்லும் சவுண்ட் பாக்ஸ். பேடிஎம், ஃபோன்பே இரண்டிலும் கிடைக்கிறது, வியாபாரிகளுக்கான க்யூஆர் எடுத்தால் மாதம் ஒரு சிறு தொகைக்குத் தருகிறார்கள். சந்தை இரைச்சலில் கேட்குமா என்று முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள். இது வசதிக்கு மட்டும் அல்ல. வாங்குபவர் தன் ஃபோனை நீட்டி "அனுப்பிட்டேன், பாருங்க" என்று காட்டும் பச்சை டிக் பழைய ஸ்கிரீன்ஷாட்டாகவும் இருக்கலாம். வெயிலில் கூசும் கண்ணால் அதைப் பிரித்தறிய முடியாது. பெட்டி சொன்னால்தான் மீன் பை கைமாறும் என்று வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நீளமான செய்திகளுக்கு ஆண்ட்ராய்டில் "செலக்ட் டு ஸ்பீக்" இருக்கிறது, தமிழ்க் குரல் சேர்த்துக்கொண்டால் தொட்ட இடத்தைப் படித்துக்காட்டும். பார்வை இன்னும் குறைந்தால் முழு ஃபோனையும் பேசவைக்கும் டாக்பேக் உண்டு. அதற்குப் பழக மாதக்கணக்கு ஆகும், பின் நம்பர் அடிக்கும்போது காதில் இயர்போன் இருக்க வேண்டும்.

அப்புறம், இரண்டு கண்ணும் சேர்ந்து மாற்றுத்திறனாளி சான்றிதழில் குறைபாடு 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் வந்தால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்குச் செயலி போட்ட ஸ்மார்ட்ஃபோன் கொடுக்கும் அரசுத் திட்டம் இருக்கிறது. யாருக்கெல்லாம் கிடைக்கும் என்ற நிபந்தனைகளை அங்கேயே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இரண்டில் ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால், 1200 என்பது எச்பிஎம் எண்தான் என்று உறுதிசெய்துகொண்டு நான் அதையே எடுப்பேன். மிச்சமாகும் பணத்தில் சந்தைக் கண்ணாடி, உள்பக்கம் கறுத்த குடை, சவுண்ட் பாக்ஸ் மூன்றும் வந்துவிடும். வெயிலில் நிறுத்திப் பார்க்கும்போது 3000 போட்ட ஃபோனில் அம்மா தடுமாறாமல் தொகையைப் படித்து, மற்றதில் தடுமாறினால் என் பேச்சை விட்டுவிட்டு அதை வாங்குங்கள். இரண்டிலும் ஒரே மாதிரி தடுமாறினால் எதையும் வாங்காமல் வலது கண்ணின் சவ்வைக் காட்டிவிட்டு வாருங்கள். டாக்டர் என்ன சொன்னார் என்று இங்கேயே எழுதினால் மேற்கொண்டு பார்க்கலாம்.